வானம்பாடிக்கு விட்ட இடம்

பிரபவ வருடத்து ஆடி மாதம். சேந்தமங்கலத்துக்குத் தெற்கே, சுப்பையனுடைய கடலைக்காட்டில் களைவெட்டு நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு பெண்கள் களைக்கொத்தும் கையுமாக நிரை பிடித்து அமர்ந்திருந்தனர். நிரை பிடித்தபின் எதிர்வரப்பை எட்டும்வரை எவளும் எழுதல் கூடாது என்பது அவர் பண்ணையின் கட்டளை.

காட்டின் நடுவே, ஒரு செடியடியில் வானம்பாடி குஞ்சு பொரித்திருந்தது. சுப்பையன் கூட்டைச் சுற்றி நான்கு குச்சிகளை நட்டு, அங்கே கொத்துப் படலாகாதென்று சொல்லிவிட்டுக் குடைநிழலில் அமர்ந்திருந்தார். தாயும் தந்தையும் மாறி மாறி வெட்டுக்கிளி கொணர்ந்து ஊட்டுவதைக் காணக் காண அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது.

வரப்போரத்து வேலமரத்தில் கட்டிய தூளியில், நிரையிலிருந்த ஆராயியின் ஆறு மாதக் குழந்தை வீறிட்டது.

"சாமி, விடியக்காலையிலருந்து பேதிங்க. ஒரு வாய் பால் குடுத்துப்போட்டு ஓடியாறனுங்க" என்று ஆராயி கெஞ்சினாள்.

"நெரை வரப்புக்குப் போவட்டும். ஒருத்தி எந்திரிச்சா அத்தன பேரும் எந்திரிப்பீங்க."

"அந்தக் குருவிக்கு மட்டும் நெரை இல்லீங்களாட்ட இருக்குது, பண்ணாடி!" என்றாள் பக்கத்திலிருந்த பழனியம்மாள். பெண்கள் சிரித்தனர், சுப்பையனும் சிரித்தார். ஆராயியின் கொத்து மட்டும் வெறிகொண்டாற்போல் மண்ணைக் கொத்திற்று.

சற்று நேரத்தில் அழுகை நின்றது.

"பாரு, தூங்கிருச்சு" என்றார் அவர்.

வரப்பை எட்டியதும் ஆராயி ஓடினாள். தூளியை விலக்கியவள் அலறிய அலறலில் வானம்பாடிகள் இரண்டும் விருட்டென்று எழுந்து பறந்தன. பேதியில் வற்றிய குழந்தை நா வறண்டு இறந்து கிடந்தது.

நான்காம் நாள் ஆராயி வேலைக்கு வந்தாள். வராவிட்டால் அடுப்பு எரியாது. நிரை பாதிக் காட்டைக் கடக்கையில் வேறொருத்தியின் குழந்தை தூளியில் அழுதது. எவளும் எழவில்லை. ஆராயியின் சேலை மட்டும் பால் சுரந்து மார்பில் நனைந்தது. சுப்பையன் அதைப் பார்த்துவிட்டார். குச்சிகளுக்கிடையே குஞ்சுகள் வாய் பிளந்து காத்திருந்தன.

குடை கைநழுவ எழுந்து, அழுத குழந்தையின் தாயைப் பார்த்துச் சொன்னார்: "கொத்தப் போட்டுட்டுப் போ தாயி, போய்ப் பால் குடு! இனிமே கொழந்த அழுதா நெரை நிக்கோணும்." பிறகு ஆராயியின் பக்கம் திரும்பினார். "ஆராயி... நாந்தான் அன்னிக்கு..."

ஆராயி தலை நிமிரவில்லை. "குருவிக்கு நட்ட குச்சியில ஒண்ண எம்பட புள்ளைக்கும் நட்டிருந்தா ஆவாதுங்களா, சாமி?"

பறவைக்குக் காட்டும் இரக்கம், தனக்காக வெயிலில் வேகும் மனிதருக்கு மறுக்கப்படுமாயின், அஃது இரக்கமன்று, பொழுதுபோக்கே. சுப்பையன் அதனை அறிந்துகொள்ள ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.