ஓராண்டு பிந்திய வீடு

கால்வாயோர வீடுகளில் மதகுக்காரரின் வீடு மட்டும் தண்ணீரில் ஓராண்டு பிந்தித் தெரிந்தது. முகப்புக்குப் பச்சை அடித்த பிறகும் நீருக்குள் பழைய மஞ்சளாகவே இருந்தது. வளைவு ஜன்னலின் மேலிருந்து விழுந்த செங்கல் நீருக்குள் அடுத்த ஆண்டுதான் விழுந்தது. படகுக்காரர்கள் இதைப் பற்றிப் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். அப்படித்தான் மதகுக்காரரின் மனைவி காய்ச்சலில் இறந்த பிறகும் தண்ணீரில் தினமும் மாடி ஜன்னலுக்கு வந்தாள். தலை துவட்டினாள், துணி உதறினாள். அவர் அதே ஜன்னலில் குனிந்து நின்று பார்த்தார். வேலைக்குப் போனார். வந்து பார்த்தார்.

கோடைதோறும் மதகை அடைத்து, நீரை வடித்து, கரைச்சுவரின் பிளவுகளைப் பூசுவது வழக்கம். நாள் குறிப்பது அவர். அந்தக் கோடையில் குறிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கீழ் வீட்டுத் தையல்காரி செங்கல் அடுக்கிக் கட்டிலை உயர்த்தியிருந்ததை ஒருநாள் பார்த்தார்.

“என்னம்மா இது?”

“உசரத்துல படுத்தா முதுகுவலி போகுமாம்ண்ணே.”

“மெஷினுக்கும் முதுகுவலியா?”

அதுவும் செங்கல் மேல்தான் நின்றது. தரை ஈரமாக இருந்தது. கட்டிலுக்குப் பின்னால் கால்வாய்ப் பக்கச் சுவர் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. மாடிகள் எல்லாம் அந்தச் சுவரில்தான் நின்றன.

“அண்ணி தண்ணியில இன்னும் ஒரு மாசம்தானேண்ணே வருவாங்க. செங்கல் தாங்கும்.”

“செங்கல் தாங்கும். சுவர் தாங்காது. பிள்ளைங்கள இன்னைக்கு வேற எங்கயாவது படுக்க வை.”

மறுநாள் தண்ணீரில் மனைவி தலை வாரி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மதகை அடைத்தார். நீர் இறங்க இறங்க அதிலிருந்த வீடு சுருங்கி, கடைசியில் ஜன்னல் மட்டும் ஒரு குட்டையில் கிடந்தது. பிறகு அதுவும் காய்ந்தது. கொத்தனார்கள் இரண்டு மாதம் பூசினார்கள்.

தண்ணீர் திரும்பியபோது மனைவியின் நாட்கள் கடந்துவிட்டிருந்தன. நீருக்குள் ஜன்னலில் தாடியோடு ஒருவர் குனிந்து நின்றார். போன வருடத்து மதகுக்காரர்.

“இப்படியா இளைச்சுக் கெடந்தீங்க?” என்றாள் கீழிருந்து எட்டிப் பார்த்த தையல்காரி. “ஒரு வாய் சோறு குடுக்காம இருந்திருக்கேனே.”

நீரிலிருந்தவர் எதையோ கேட்பது போலத் தலையைச் சாய்த்தார். போன வருடம் அவர் நீரில் பார்த்த மனைவி பாட்டை முணுமுணுக்கிறாள். பிறகு அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். வரி மறந்து பாதியில் நிற்கிறாள். அந்த முகத்தை வைத்தே அவள் செய்வதெல்லாம் தெரிந்தது. மதகுக்காரர் மனைவி பாடி முடிக்கும்வரை நின்றுவிட்டு வேலைக்குப் போனார்.