வடிக்காத தண்ணீர்

சீர்காழிக்கு உரம் வாங்கக் கிளம்பும்போது அப்பா சொல்லிவிட்டுத்தான் போனார். "செம்மொழி, பத்து மணிக்கு வாமடையத் தொறந்து நாத்தங்கால் தண்ணிய வடிச்சிடு. வெயில் ஏறுனா தண்ணி சுட்டு முளையெல்லாம் வெந்துடும்."

"சரிப்பா" என்றேன்.

புங்கமரத்தடியில் உட்கார்ந்து, சிங்கப்பூரிலிருந்து அண்ணன் அனுப்பிய போனைத் திறந்தேன். பிரபஞ்சம் பிறந்த முதல் நொடியைப் பற்றிய இணைய வகுப்பு. அன்று கடைசித் தேர்வு. வீட்டில் அதை அரசு வேலைக்கான படிப்பு என்று நினைத்திருந்தார்கள். நான் திருத்தவில்லை. அந்த நொடியின் கொதிப்பில் குவார்க் துகள்கள் சேர முடியாமல் அலைந்தன. சூடு தணிந்த பிறகே புரோட்டான்கள் உண்டாயின. நானும் அங்கேதான் அலைந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மணி ஒன்றரை.

நாற்றங்காலில் வைத்த காலை வெடுக்கென்று எடுத்தேன். தண்ணீர் சுட்டது. வாமடையை வெட்டிவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் முளைகள் பழுப்பாகக் கிடந்தன. பக்கத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் அம்சம் அக்காவிடம் அப்பா கத்தினார். "ஒன் தண்ணிதான் வரப்பு ஒடைஞ்சு இங்க வந்து நின்னுருக்கு! இனிமே நடவுக்கு எங்க வயல்ல கால வைக்காதே!"

அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். நான் வரப்பைப் பார்த்தேன்.

மறுநாள் முடிவு வந்தது. தொண்ணூற்றிரண்டு மதிப்பெண். அண்ணனுக்குக்கூடச் சொல்லத் தோன்றவில்லை. அக்கா வீட்டுக்குப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தண்ணிய வடிக்காதது நான்தான்."

"தெரியும்டி. வரப்புல நின்னு மூணு தடவ கூப்டேன். காதுல ஒயர மாட்டிக்கிட்டு ஆத்தா தவத்துல இருந்தீங்க. அடுத்தவங்க மடையில நான் கை வைக்க முடியுமா?"

"அப்பா திட்டுனப்பவே சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"படிச்சிட்டு இருந்தியா?"

"ஆமாப்பா."

"சரி, போவட்டும். நாத்து வெளியில வாங்கிக்கலாம். அம்சத்துக்கிட்ட மட்டும் சொல்லிக்காதே. அவ மூஞ்சில முழிக்க முடியாது."

"சொல்லிட்டேன்பா."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அம்சம் அக்கா வீட்டுப் பக்கம் நடந்தார். அது என்ன படிப்பு என்று அவர் கேட்கவில்லை. நான் இன்னும் சொல்லவும் இல்லை.