வாரம் ஒரு கலர் பக்கம்

எங்கள் அப்பா ஆயுளில் ஒரு குடைகூட இரவல் வாங்கியதில்லை. மழை பிடித்துக்கொண்டால் நனைந்துகொண்டே வீட்டுக்கு வருவார். இரண்டு நாள் தும்முவார். ஆனால் அடுத்தவர் குடைக்குள் ஒண்டிக்கொண்டு வந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அப்பேர்ப்பட்ட மனிதரின் பேத்தி, கையில் பென்டிரைவுடன் வாராவாரம் எதிர்வீட்டு வாசலில் நின்றிருக்கிறாள். மூன்று வருடமாக இது எனக்குத் தெரியாது. தெரிந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தெரியவந்தது லிஃப்டில். எதிர்வீட்டுக்காரர் பல் டாக்டர். அவர் மனைவி எங்களோடு ஏறினாள். என் தம்பி மகளைப் பார்த்து முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள்.

"என்ன குருவி, ஆளையே காணோம்? இந்த வாரம் ஒண்ணும் பிரிண்ட் இல்லையா?"

குருவி என்பது தம்பி மகளுக்கு நாங்கள் வைத்த செல்லப் பெயர். பன்னிரண்டு வயது, வாய் ஓயாது. அன்றைக்கு மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையை ஆராய்ந்தாள்.

நான் பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவள். கடைசி எட்டு வருடம் மேட்ரன். இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் மேட்ரன் அம்மா. குத்தலை எந்தத் துணியில் சுற்றிக் கொடுத்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

"இனிமே வரமாட்டா. நாங்களே பிரிண்டர் வாங்கறோம்" என்றேன்.

அவள் முகம் சட்டென்று வாடியது. "அப்படியா?" என்றாள். அதை வெற்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

வாங்கும் பொறுப்பைத் தம்பி ஏற்றான். மூன்று வாரம் ஃபோனில் பிரிண்டர்களைப் பற்றிப் படித்தான். படிக்கப் படிக்கக் குழம்பினான். இதற்கிடையில் டாக்டர் மனைவி என்னைப் பார்க்கும் போதெல்லாம், "வாங்கிட்டீங்களா மேட்ரன் அம்மா?" என்று கேட்டாள். "வந்துக்கிட்டே இருக்கு" என்று நானும் சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் ஒவ்வொரு முறையும் முதுகு இன்னும் கொஞ்சம் விறைத்தது.

சனிக்கிழமை காலை குருவி குண்டு போட்டாள். திங்கட்கிழமை கலரில் உலக வரைபடம் கொண்டுபோக வேண்டும். போன தடவை கலர் பென்சிலால் தீட்டிக் கொடுத்ததற்கு, 'அடுத்த முறை அச்சிட்டு வரவும்' என்று டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

"எதிர்வீட்டுல ஒரே ஒரு தடவை..." என்று தம்பி ஆரம்பித்தான்.

"அந்த வாசப்படியை இந்த வீட்டு ஆள் யாரும் மிதிக்கக் கூடாது."

"அப்ப நீயே பாத்து வாங்கிடுக்கா" என்று ஒரு தொகையைச் சொன்னான். "இதுக்கு மேல ஒரு பைசா போகாதே."

நானும், தம்பி மனைவியும், குருவியும் கிளம்பினோம். இரண்டு தெரு தள்ளி ஒரு கடை. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் ரிப்பேர். கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஸ்க்ரூ டிரைவர் செருகியிருந்தார்.

"மாசம் எத்தனை பக்கம்மா போடுவீங்க?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நாலு பக்கம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"இருநூறு" என்றேன்.

தம்பி மனைவி என் பக்கம் திரும்பினாள். நான் திரும்பவில்லை.

கடைக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எங்களை ஒரு பெரிய இயந்திரத்தின் முன் நிறுத்தினார். "கலர் லேசர். இதுல திரவ மை கிடையாது, தூள். ஆறு மாசம் தொடாம விட்டாலும் காயாது."

விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்த தம்பி மனைவிக்கு இருமல் வந்தது. என் காதருகில், "அண்ணி, விலையை விடுங்க. இதை உள்ள வெச்சா நம்மள்ல ஒருத்தர் வெளிய படுக்கணும்" என்றாள்.

"இடம் அடைக்கும்" என்று கடைக்காரரிடம் கம்பீரமாகச் சொன்னேன்.

"அப்ப இந்த டேங்க் மாடல். மையை பாட்டில்ல வாங்கி ஊத்திக்கலாம். பக்கத்துக்கு ஆகற செலவு ரொம்பக் கம்மி. ஆனா ஓடிக்கிட்டே இருக்கணும். உங்களுக்குத்தான் இருநூறு பக்கம் இருக்கே!"

"இருநூறா?" குருவிக்கு வாய் திறந்துகொண்டது. "அத்தை, எனக்கு மாசம் நாலுதானே? அம்மாவுக்கு எப்பவாவது ஒண்ணு. அப்பா ஒரு தடவை பஸ் டிக்கெட் போட்டாரு, அதுவும் கறுப்பு வெள்ளை."

நின்றிருந்த இரண்டு பேரும் எங்களைப் பார்த்தார்கள். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

கடைக்காரர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டார். "நல்லவேளை சொன்னே பாப்பா. நாலு பக்கத்துக்கு டேங்க் வாங்கினா வம்பு. மை வர்ற துளை முடியை விட மெல்லிசு. சும்மா கிடந்தா காஞ்சு அடைச்சுக்கும். வாரம் ஒரு கலர் பக்கமாவது போட்டாத்தான் உயிரோட இருக்கும். அதோ பாருங்க, அதே மாடல். அடைச்சுக்கிட்டு வந்திருக்கு."

ரிப்பேர் மேசையில் ஒரு பிரிண்டர் மூடி கழற்றப்பட்டுக் கிடந்தது. பக்கவாட்டில் சிரிக்கும் பல் படம் போட்ட ஸ்டிக்கர்.

"அத்தை! அது நான் ஒட்டின ஸ்டிக்கர்!"

கடைக்காரருக்கு அது காதில் விழவில்லை. அவர் கதையில் மும்முரமாக இருந்தார். "பல் டாக்டர் வீட்டுது. அவங்க போடறதே மாசம் ரெண்டு பக்கம். ஆனா எதிர்வீட்டுப் பொண்ணு ஒண்ணு வாராவாரம் வந்து கலர்ல போட்டுப்பாளாம். மூணு வருஷம் ஒரு குறையும் இல்ல. இப்ப மூணு வாரமா அந்த வீட்டுப் பெரியவங்க அனுப்பறதில்லையாம். இந்த வெயிலுக்கு மெஷின் படுத்துடுச்சு. யாரோ ரொம்ப ரோஷக்காரங்க போலிருக்கு."

தம்பி மனைவி காகிதக் கட்டுகள் இருந்த அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

எனக்கு இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் புரிந்தது. மூன்று வருடமாக நாங்கள் இரவல் வாங்கவே இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை அந்த இயந்திரத்துக்கு வாராவாரம் வைத்தியம் பார்த்திருக்கிறாள். லிஃப்டில் அந்தப் பெண் குத்தவில்லை, கெஞ்சியிருக்கிறாள். இதுவரைக்கும் எங்கள் குடும்பத்துக்குப் பெருமைதான். ஆனால் வைத்தியத்தைப் பாதியில் நிறுத்தியது யார்? மருந்தைப் பாதியில் நிறுத்தும் நோயாளிகளை வார்டு அதிரத் திட்டிய நானேதான்.

"பிழைக்குமா?" என்று கேட்டேன்.

"பிழைக்காதும்மா. மை துப்பற தலையையே மாத்தணும். புதுசு வாங்கற விலை ஆகும்."

அந்தப் பல் ஸ்டிக்கரை ஒரு தடவை பார்த்தேன். பிறகு, "மாசம் நாலு பக்கம். அதுக்கு ஏத்த மாதிரி குடுங்க" என்றேன். அந்த இரண்டு பேருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்.

ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வந்தார். ஸ்கேனும் உண்டு. டப்பா மை போடும் வகை, டப்பாவிலேயே தலையும் சேர்ந்து இருக்கிறது. என்றைக்காவது அடைத்தாலும் டப்பாவை மட்டும் மாற்றினால் போதும். மை விலை சற்றுக் கூடுதல்தான். எப்போதாவது போடுகிற வீட்டுக்கு இதுதான் சரி என்றார். தம்பி சொன்ன தொகைக்குள் வந்தது. போட்டுக் காட்டினால்தான் வாங்குவேன் என்றேன். குருவி பென்டிரைவை நீட்டினாள். கடல் நீலமாக, நாடுகள் பச்சையும் சிவப்புமாக, உலகம் சுடச்சுட வெளியே வந்தது.

"அண்ணி, மேப்தான் வந்தாச்சே. பேசாம கிளம்பிடலாமா?" என்றாள் தம்பி மனைவி. முறைத்தேன். பணத்தைக் கட்டினாள்.

பெட்டியை நானே தூக்கி வந்தேன். லிஃப்ட் வாசலில் டாக்டர் மனைவி நின்றிருந்தாள்.

"வாங்கிட்டீங்களா! சந்தோஷம் மேட்ரன் அம்மா. எங்களுது போயிடுச்சு." சிரித்தாள். இந்தத் தடவை ஏழெட்டுப் பல்தான் தெரிந்தது. "இவர் பேஷண்ட்ஸுக்குக் குடுக்கற படம் மாசத்துக்கு ரெண்டு. அதுக்குன்னு இன்னொரு மெஷினா வாங்கறது..."

அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். அவளும் கேட்கத் தெரியாத வம்சம் என்று அப்போதுதான் தெரிந்தது. லிஃப்ட் வந்து கதவு திறந்து, நாங்கள் யாரும் ஏறாததால் மூடிக்கொண்டு போய்விட்டது. இந்த நிமிஷத்துக்காக மூன்று வாரமாக ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல வாக்கியம், நன்றாகக் குத்தும். அதை விழுங்கினேன்.

"உங்க மெஷினுக்கு மருந்தைப் பாதியில நிறுத்தினது நான்தான்" என்றேன்.

"தெரியும். ஆனா கடைக்காரர்கிட்ட உங்க பேரைச் சொல்லலை."

"ரோஷக்காரின்னு சொல்லியிருக்கீங்களே?"

"அது பேர் இல்லையே!" என்றாள். குருவி களுக்கென்று சிரித்தாள். டாக்டர் மனைவியின் முப்பத்திரண்டு பல்லும் மறுபடி வெளியே வந்தன.

அடுத்ததாகச் சொன்னது முழு உண்மை இல்லை, எனக்குச் சுலபமாகவும் வரவில்லை. "இதுக்கு வாரம் ஒரு கலர் பக்கம் வேணும். எங்க வீட்டுல அவ்வளவு பக்கம் கிடையாது. புதன்கிழமை ஆறு மணிக்கு உங்க படத்தை எடுத்துக்கிட்டு வாங்க."

வந்தாள். டாக்டரின் ஈறு படத்துக்குச் சிவப்பு தாராளமாகச் செலவானது. குருவியின் கடல்களுக்கு நீலம். மஞ்சளைத்தான் யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. மஞ்சள் காய்ந்துவிடக் கூடாதே என்று நானே ஒரு பெரிய எலுமிச்சம்பழம் அச்சடித்தேன். அடுத்த புதனும் அப்படியே. தம்பி அந்தப் படங்களைக் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, "மொத்தம் ரெண்டு எலுமிச்சம்பழம்கா. ஜூஸ் எப்ப?" என்றான். பொறுப்பில்லாதவன்.

மூன்றாவது புதன்கிழமை மணி ஆறு ஆயிற்று. ஆறேகாலும் ஆயிற்று. இயந்திரத்தைத் திறந்து வைத்து, தாளையும் செருகி, நான் காத்திருந்தேன். யாரும் வரவில்லை.

"அண்ணி, நான் வேணா போய்க் கூப்பிடட்டுமா?" என்றாள் தம்பி மனைவி. வாயோரத்தில் சிரிப்பு ஒளிந்திருந்தது.

"இது என் பொறுப்பு" என்றேன்.

புடவையைச் சரிசெய்துகொண்டேன். முதுகை நிமிர்த்திக்கொண்டேன். நடையைக் கடந்து எதிர்வீட்டு வாசற்படியை மிதித்து, மணியை அழுத்தினேன். கதவு திறந்தது.

"என்னம்மா, ஆளையே காணோம்?" என்றேன். "இந்த வாரம் ஒண்ணும் பிரிண்ட் இல்லையா?"