வரி விழுந்த வெள்ளைக் கல்

கன்னையா உளுந்துக்குப் பதிலாகக் கல்லைப் போட்டு அரைத்தது ஒரு புதன்கிழமை. கூழாங்கல்லைப் பளபளப்பாக்க வெளிநாட்டில் தனி மெஷின் உண்டு. கிள்ளானில் லோகேஸ்வரியின் மாவரைக்கும் கிரைண்டர் இருந்தது. மனைவி பந்திங்கில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, ஒரு பிடி மணலும் ஒரு செம்புத் தண்ணீரும் விட்டு ஓடவிட்டார். ஐந்தாவது மணி நேரத்தில் உருளைக்கல் ஒன்று இரண்டாகப் பிளந்து, கிரைண்டர் நின்றது.

ஆனால் சட்டிக்குள் ஓர் அதிசயம். சுங்கை பூலோ பக்கம், பழைய கல்குவாரி ஓடையில் பொறுக்கியபோது வெறும் வெள்ளையாக இருந்த கல்லில் இப்போது சாம்பல் நிற வரிகள். மோதிரத்தில் பதிக்கும் அகேட் கல்லுக்குத்தான் அப்படி வரி இருக்கும்.

"அகேட் கிடைச்சிருச்சு லோகா!" என்றார், அவள் கைப்பையைக் கீழே வைப்பதற்குள்.

லோகேஸ்வரி கிரைண்டரைப் பார்த்தாள். அன்றோடு பேச்சை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமைதோறும் தாமான் குடியிருப்பில் பாதி வீட்டுக்கு மாவு கொடுப்பவள் அவள்.

அது அகேட்டாக இருந்தால் கிரைண்டர் போனதற்கு ஒரு நியாயம் உண்டு. இல்லையென்றால், ஐம்பத்தெட்டு வயதில் கல்லை அரைத்த ஆள் என்ற பெயர்தான் மிச்சம். கன்னையா தீர்ப்பு வாங்கக் கிளம்பினார்.

பாசாரில் மோதிரக்கல் விற்கும் சுகுமாறன் கல்லை ஊதினான், உருட்டினான், முகர்ந்துகூடப் பார்த்தான். "நல்ல வெயிட்டு லா அண்ணே."

"அகேட்டா?"

"உங்களுக்கு என்ன ராசி?"

மறுநாள் பிரிக்பீல்ட்ஸில், கல் சேகரிப்போர் குழுத் தலைவர் அடைக்கப்பன் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். "அகேட்னா வரி இருக்கும். உங்க கல்லுல வரி இருக்கு."

"அப்ப அகேட்தானே அண்ணே?"

"வரி இருக்குன்னேன். இன்னொரு தேத்தண்ணி சொல்லவா?"

மரியாதை தெரிந்த மனிதர். அந்த மரியாதையைக் கிள்ளான் வரை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார் கன்னையா.

சனிக்கிழமை காலை லோகேஸ்வரி கிரைண்டரின் எவர்சில்வர் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே சுற்றிலும் வட்டவட்டமாகக் கீறல். விரலால் ஒரு கீறலைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். கன்னையா கல்லைக் கொடுத்தார். புளியும் உப்பும் வைத்து, குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் அழுத்தித் தேய்த்தாள். வரிகள் ஒவ்வொன்றாக மங்கின. கல் பழைய வெள்ளைக்குத் திரும்பியது.

"மறைக்காம சொல்லு லோகா. அகேட்டா, இல்லையா?"

"இல்லைங்க. வெறும் வெங்கச்சங்கல்லு. வரியெல்லாம் என் சட்டியச் சுரண்டி அப்பிக்கிட்டது. உட்காருங்க, தோசை இல்ல, ரொட்டிதான்."