செங்கல் கிடந்த இடம்

விடிவதற்கு முன்பே சந்து விழித்துவிடும். திமிசுக் கட்டை மண்ணில் விழுகிற சத்தம்தான் அதற்குச் சேவல். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று அந்தக் கட்டையைத் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். தரை இறுக இறுக அவர்களுடைய தோள்பட்டை கழன்று வரும். கலவைக்காரி மண்வெட்டியால் சிமெண்டையும் மணலையும் புரட்டுவாள். அவளுக்கு இமை மயிர்கூட வெளுத்துக் கிடக்கும். கல் பதிக்கிற கொத்தன் முழங்காலில் சாக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டிருப்பான். ஆள் கனம் கனக்கிற கருங்கல் பாளங்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்க, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி உட்கார வைப்பான். தளம் மட்டமா என்று காட்டுகிற ரசமட்டத்தின் குழலுக்குள் குமிழி நட்டநடுவில் வந்து நின்றால்தான் அடுத்த கல். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் மேசை சாய்கிறதா என்று பார்க்கிற ஆள். அதனால் அவனுக்கே ரசமட்டம் என்று பேர் விழுந்துவிட்டது. பேர்ப் பொருத்தம் எப்படி என்பது போகப் போகத் தெரியும்.

கடைத்தெருவுக்கு முதுகுப்புறம் அந்தச் சந்து. பெரிய கடைகளின் கழிவெல்லாம் ஒரு காலத்தில் அங்கேதான் வந்து விழும். மூக்கைப் பிடித்துக்கொண்டும் யாரும் நுழைய மாட்டார்கள். வாடகைக்கு வக்கில்லாதவர்கள்தான் நுழைந்தார்கள். சாவிக்காரர் தன் பெட்டியோடு வந்தார். குடை தைப்பவர் வந்தார். ரசமட்டத்தின் அக்கா தையல் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். ஊரார் கால்சட்டைக்கு ஜிப் மாற்றியே தம்பியை ஆளாக்கினாள். குப்பையை அள்ளியதும் அவர்கள்தான், சாக்கடைக்குப் பலகை போட்டு மூடியதும் அவர்கள்தான்.

சந்துக்கென்று ஒரு சட்டமும் இருந்தது. காலையில் யார் முதலில் வருகிறாரோ அவர் முழுச் சந்தையும் கூட்டித் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஆனால் அவரவர் இடத்தில் கிடக்கிற செங்கல்லை மட்டும் தொடக் கூடாது. செங்கல் கிடந்தால் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. சாவிக்காரர் இடுப்பெலும்பு முறிந்து ஒரு மழைக்காலம் முழுவதும் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய கல்லைத் தாண்டிப் போனார்களே தவிர, அந்த இடத்தில் ஒருவரும் கூடையைக்கூட இறக்கவில்லை. பட்டா, பத்திரம் எல்லாம் அவர்களுக்கு அந்த ஒற்றைச் செங்கல்தான்.

இப்படியிருந்த சந்துக்குத் திடீரென்று யோகம் அடித்தது. இருபுறக் கட்டடங்களும் ஒரே முதலாளிக்குச் சொந்தம். சந்து முழுவதையும் அழகுபடுத்தி நடத்திக்கொள்ள நகராட்சியும் அவருக்கே அனுமதி கொடுத்துவிட்டது. கட்டடப் படம் வரைகிற பெண் ஒருத்தி வந்தாள். குறை சொல்லக் கூடாது, நல்ல பெண். எங்கே வெயில் விழும், எங்கே தண்ணீர் தேங்கும் என்று அக்காவிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் வரைந்தாள். மேலே சரமாக விளக்கு, நடுவில் கல் பெஞ்சு, சுவரோரம் அலமாரி அகலத்துக்குச் சின்னச் சின்னக் கடைகள். அக்கா மெஷினை மிதிக்கும்போது ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டாள்.

பழைய ஆட்களுக்குத்தான் முதல் கடை என்றார் முதலாளி. அதைச் சந்துக்குள் கொண்டுவந்து சேர்த்தது ரசமட்டம். வேலை முடிகிற வரைக்கும் ஒதுங்கிக்கொள்ளுங்கள், நான் பொறுப்பு, என் வார்த்தையை நம்புங்கள் என்றான். நம்பினார்கள். மெஷினும் பெட்டியும் பெரிய ரோட்டு நடைமேம்பாலத்துக்கு அடியில் போய் உட்கார்ந்தன. கல் மட்டும் கிடக்கட்டும் என்றாள் அக்கா. பத்திரமாக வைக்கிறேன் என்று அவனே எல்லாச் செங்கலையும் பொறுக்கிச் சாக்கில் கட்டினான்.

அந்தச் சாக்குக்கு அவன் செய்த காரியத்தைக் கேளுங்கள். கடைகளெல்லாம் வெளியாட்களுக்குப் போய்விட்டன, மெழுகுவர்த்திக்கு ஒன்று, கேக்குக்கு ஒன்று, காப்பிக்கு ஒன்று என்று ஒருநாள் காதில் விழுந்தது. கேட்டவன் போய் என்ன ஏது என்று விசாரித்திருக்க வேண்டாமா? அடுத்த சந்து வேலைக்கும் நீதான் தலைக் கொத்தன் என்று முதலாளி சொல்லியிருந்தார். வாயை மூடிக்கொண்டான். அன்று பார்த்துச் சாக்கடை மூலையில் தரை உள்வாங்கியது. ஜல்லி வண்டி வரவில்லை, முதலாளி பார்வையிட வருகிற நேரம். சாக்கை அவிழ்த்து அப்படியே குழியில் கொட்டினான். திமிசு போடச் சொன்னான். மேலே பாளத்தை வைத்து ரசமட்டத்தையும் வைத்தான். குமிழி வெட்கமில்லாமல் நடுவில் வந்து நின்றது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. திறப்பு விழாவுக்குச் சுவரில் படம் எழுதினார்கள். வேறு யாரை? அக்காவைத்தான். மெஷினில் குனிந்து ஊசியில் நூல் கோக்கிற அக்கா, மாடி உயரத்துக்கு. சேதி கேட்டு அவள் வெளுத்த துணி உடுத்தி, தலைவாரி, பார்க்க வந்துவிட்டாள். நேரே தன் பழைய இடத்துக்குப் போய் நின்று, அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். புதுச் சீருடையில் இருந்த காவலாள் ஓடி வந்தார். இங்கே நிற்கக் கூடாதம்மா என்றார். அவள் படத்தைக் காட்டினாள். அவர் படத்தையும் பார்த்தார், அவளையும் பார்த்தார், நம்பவில்லை. பக்கத்தில் மண்டியிட்டுக் கிடந்தவனைப் பார்த்துக் கேட்டார்.

"மேஸ்திரி, இவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

முதலாளியின் கார் அப்போதுதான் சந்து முனையில் வந்து நின்றிருந்தது. ரசமட்டம் தலையைத் தூக்கவில்லை. ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட கல்லை மறுபடியும் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான். அக்காவின் செருப்புச் சத்தம் மெதுவாகத் திரும்பிப் போனது மட்டும் கேட்டது. பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அந்தப் பூமியைத்தான் காலையிலிருந்து கெட்டிப்படுத்தி வைத்திருந்தானே, எங்கே பிளக்கும்?

மத்தியானம் பாதிச் சோற்றிலேயே எழுந்தான். தூக்குவாளியை மூடி வைத்துவிட்டு நடைமேம்பாலத்துக்குப் போனான். வழியில் பார்த்த கலவைக்காரியும் கையைக் கழுவிக்கொண்டு கூடவே வந்தாள். அங்கே அக்கா பஸ் புகைக்கு மூக்கை மூடிக்கொண்டு ஒரு பைக்கு வார் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். கடை கிடையாது என்பதையும் சொன்னான், அது முன்னாலேயே தெரியும் என்பதையும் சொன்னான், செங்கல் எங்கே கிடக்கிறது என்பதையும் சொன்னான். சாவிக்காரர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கடை இல்லைன்னு எனக்கும் தெரியும்டா. ஊரே பேசுது. நீ வந்து சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"அக்கா..."

"கொட்டின எடம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப எடுத்துக் குடு. அதுக்கப்புறம் அழு."

அடுத்து அழகுபடுத்தப் போகிற சந்தில்தான் கலவைக்காரியின் ஒற்றை அறை. திமிசு போடுகிற பெண்களும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். நம்ம வாசலை நாமே பேர்த்து மூடப் போகிறோமா என்று கேட்டாள். அவர்களிடம் தானே பேசுவதாகவும் சொன்னாள். சாவிக்காரர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். ரசமட்டத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

மறுநாள் விடியலில் சந்தில் திமிசுச் சத்தம் கேட்கவில்லை. கடப்பாரைச் சத்தம்தான் கேட்டது. தன் கையால் வைத்த பாளங்களை ரசமட்டமே நெம்பித் தூக்கினான். நெம்பும்போது வலித்தது, அத்தனை நேர்த்தியான வேலை, பொய்யாக இருந்தாலும் நேர்த்தி நேர்த்திதானே. பெண்கள் மண்ணைத் தோண்டிச் செங்கற்களை வெளியே எடுத்தார்கள். சாவிக்காரரின் கல்லில் அவர் சாவி தட்டியபோது சுத்தியல் பட்ட பள்ளங்கள் அப்படியே இருந்தன. அக்காவின் கல் இரண்டாக உடைந்திருந்தது. வேறு கல் கொண்டுவருகிறேன் என்றான்.

"வேணாம். உடைஞ்சதே கெடக்கட்டும். உன் வேலை எனக்கும் ஞாபகம் இருக்கட்டும், உனக்கும் இருக்கட்டும்" என்று சொல்லி, இரண்டு துண்டையும் சேர்த்துத் தன் இடத்தில் வைத்து, பக்கத்தில் மெஷினை நிறுத்தினாள். குடைக்காரர் யாரும் சொல்லாமலே விளக்குமாற்றை எடுத்து முழுச் சந்தையும் கூட்டினார்.

வெயில் ஏறும்போது முதலாளி வந்தார். படம் வரைகிற பெண்ணும் பின்னாலேயே வந்தாள். தோண்டிய குழியைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

"சாயங்காலம் திறப்பு. என்னய்யா பண்ணி வச்சிருக்கே?"

"இவங்க கல்லு கீழ கெடந்துச்சு. எடுத்துக் குடுத்துட்டோம்" என்றான் ரசமட்டம்.

"செங்கல்தானே? லோடு லோடா தர்றேன். எடத்தைக் காலி பண்ணச் சொல்லு."

"மொதக் கடை எங்களுக்குன்னீங்களே" என்றாள் அக்கா.

"வாடகை குடுக்கறவங்களுக்குத்தாம்மா கடை. உங்களை மறந்துட்டோமா என்ன? சுவர்ல எவ்ளோ பெருசா எழுதியிருக்கு, பாரு."

"அவளுக்குப் பசிக்காது சார். எனக்குப் பசிக்கும்."

"இருக்க எடம் குடுத்தா படுக்கப் பாய் கேக்கறீங்க."

"எடம் நாங்க கூட்டி எடுத்தது. அதுல காலை நீட்டிப் படுத்தது நீங்க."

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முதலாளி திரும்பிப் பார்த்ததும் தரையைப் பார்த்தாள். தானும் நேற்றுப் பார்த்த அதே தரை என்று ரசமட்டத்துக்குத் தோன்றியது. முதலாளி காவலாளைக் கூப்பிட்டு இந்தம்மாவை வெளியே அனுப்பு என்றார். காவலாள் தயங்கித் தயங்கி வந்தார். பாவம், அவருக்கும் வயிறு இருக்கிறது. நேற்றுக் கேட்டதையே மறுபடியும் கேட்டார்.

"மேஸ்திரி, இவங்க யாரு உங்களுக்கு?"

ரசமட்டம் முழங்காலில் கட்டியிருந்த சாக்குத் துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்து நின்றான்.

"எங்க அக்கா. நேத்தே சொல்லியிருக்கணும். அவ எந்திரிச்சுப் போனாத்தான் நான் கல்லு வைக்கணும்னா, நான் வைக்கலை."

மண்வெட்டி கீழே விழுகிற சத்தம் கேட்டது. "எனக்கும் அக்காதான்" என்றாள் கலவைக்காரி. திமிசுப் பெண்கள் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, எங்களுக்கும்தான் என்றார்கள். கல் தூக்குகிறவர்கள் தலைத்துண்டை உதறி விரித்து, செங்கல்களுக்கு நடுவே ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். காவலாள் யாரையும் தொடவில்லை. தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். வேறு ஆள் வரும், போலீசும் வரும் என்று கத்திவிட்டு முதலாளி காருக்குப் போனார். வரத்தான் செய்யும், அதில் சந்தேகமில்லை.

அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"நேத்து இங்க ஒருத்தனுக்குக்கூட அக்காவா இல்லாதவ, இன்னைக்கு இத்தனை பேருக்கு அக்காவாயிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சாவிக்காரர்கூடச் சிரித்தார். ரசமட்டத்தால் மட்டும் சிரிக்க முடியவில்லை. தலை தானாகவே தொங்கியது. அக்கா அதைப் பார்த்தாள். உடைந்த செங்கலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவன் போய் உட்கார்ந்தான். சந்து முனையில் ஏதோ வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.