கணப்பருகே குடிக்க ஒரு விஸ்கி

எங்கள் வீட்டில் வெங்காயம் வதக்குவது சனிக்கிழமை மட்டும்தான். மற்ற நாட்களில் எல்லாமே வேகவைத்தது. வாசனையில்லாத சோப்பு, பவுடர் கிடையாது, மெழுகுவத்தி கிடையாது, கரண்ட் போனால் டார்ச். பக்கத்து வீட்டம்மா எங்களை மகா கஞ்சர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துவிட்டுப் போகட்டும். நானும் என் கணவரும் மூக்கை வைத்துச் சம்பாதிக்கிறவர்கள். விஸ்கி ஆலையில் பீப்பாய் பீப்பாயாக முகர்ந்து பார்த்து, எதை எதோடு எவ்வளவு சேர்ப்பது என்று முடிவு செய்வது எங்கள் வேலை. அதற்கு பிளெண்டர் என்று பெயர். சொந்தக்காரர்களிடம் சொன்னால், மிக்ஸி விற்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆலையின் மாடியில் நாங்கள் உட்காரும் அறையில் ஒரு வாசனையும் இருக்காது. வெள்ளைச் சுவர், திறக்காத ஜன்னல், மூடி போட்ட கண்ணாடிக் கோப்பைகள். விஸ்கியில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து முகர்வோம். ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, துப்பிவிடுவோம். குடிகாரக் குடும்பம் என்று என் மாமியார் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் நாங்கள் விழுங்கியதைவிட அவர்கள் கல்யாண வீடுகளில் விழுங்கியது அதிகம். அறையில் ஒரே ஒரு சட்டம்: எல்லாரும் கோப்பையைக் கீழே வைக்கும் வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருத்தர் 'ஆப்பிள்' என்று சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கும் ஆப்பிள்தான் தெரியும். நாங்கள் அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தோம். அவர் தயாரிக்கும் கலவையைப் பற்றி நான் கேட்பதில்லை, என்னுடையதைப் பற்றி அவர் கேட்பதில்லை. இதனாலேயே எங்களுக்குள் சண்டை குறைவு.

எங்கள் தலைமை பிளெண்டரை ஆலை முழுக்க 'பெரிய மூக்கு' என்றுதான் கூப்பிடும், அவர் முகத்துக்கு நேராகவே. அவர் ஓய்வு பெறப்போகிறார் என்றதும் நாற்காலிக்கு இரண்டு பேர்தான் மிச்சம்: நானும் என் வீட்டுக்காரரும். முதலாளியம்மா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். இந்தக் குளிர்காலத்துக்கு ஒரு புது விஸ்கி வேண்டும், வீட்டில் விறகு எரியும் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து நிதானமாக ஒவ்வொரு வாயாகக் குடிக்கிற மாதிரி. ஆளுக்கு ஒன்று செய்து கொண்டுவாருங்கள், எது பிடிக்கிறதோ அதைச் செய்தவருக்கு நாற்காலி.

எனக்கு அந்த நாற்காலி வேண்டும். இதில் அடக்கமாக இருப்பதாகப் பாவனை செய்ய எனக்கு வராது. இரண்டு பேரும் ஒரே காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆலையைப் பார்க்க வெளியாட்கள் வந்தால் அவரிடம் கை குலுக்குவார்கள், என்னிடம் டீ எப்போது வரும் என்று கேட்பார்கள். அவர் உடனே 'இவங்களும் பிளெண்டர்தான்' என்று சொல்லுவார். அந்த 'உம்'மைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது. அவர் நல்ல மனிதர், நல்ல மூக்கு. இருந்தாலும் எனக்கு அந்த நாற்காலி வேண்டும்.

கணப்பு என்றதும் எனக்குத் தோன்றியது புகை. பார்லியைப் புகைபோட்டு உலர்த்தினால் விஸ்கியில் விறகடுப்பு வாசம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஆலையில் அப்படிப்பட்ட பீப்பாய்கள் நிறைய உண்டு. அவருக்கும் அதுவேதான் தோன்றியிருக்கிறது. சொல்லவில்லைதான். ஆனால் சாயங்காலம் அவர் கழற்றிப் போட்ட கோட்டைக் கொடியில் மாட்டும்போது அதன் கை என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. என்னைவிட இரண்டு மடங்கு புகை போட்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டாள். லீவு போட்டுவிட்டு ஒத்தாசைக்குப் போனேன். அத்தான் பல் டாக்டர். பகலெல்லாம் அடுத்தவர்களின் வாயைத் திறக்கச் சொல்கிறவர், சாயங்காலமானால் தன் வாயை மூடுவதில்லை. அவர்கள் வீட்டுக் கூடத்தில் நிஜமான கணப்பு உண்டு, நிஜமான விறகு. பக்கத்தில் ஒரு அலமாரி, அதில் அத்தானின் செல்லங்கள். ஆரஞ்சுத் தோல் போட்டுக் குடிக்கிற கறுப்பு ரம். உள்ளங்கையில் வைத்துச் சூடு பண்ணிக் குடிக்கிற பிராந்தி. பிளம்ஸ் பழத்தில் காய்ச்சிய ஏதோ ஒன்று, அதை வைத்துக் கதவுக் கீலைத் துடைக்கலாம் என்பது அக்காவின் கட்சி. நான் வந்திருக்கிறேன் என்பதற்காக, யாரோ நோயாளி கொடுத்ததாம், புகைவாசம் தூக்கலான ஒரு விஸ்கியை எடுத்து ஊற்றி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முகர்ந்தேன். ஒன்றுமில்லை. லேசான இனிப்பு, சாராயத்தின் காரம், அவ்வளவுதான். பயந்துபோய் மறுபடி முகர்ந்தேன், அதேதான். மூக்கு போய்விட்டால் எங்கள் பிழைப்பு போயிற்று. தண்ணீர் எடுக்கிற சாக்கில் கோப்பையோடு எழுந்து சமையலறைக்குப் போனேன். பாதி வழியில், குளிர்ந்த நடையில், கோப்பையிலிருந்து புகை குப்பென்று மேலே வந்தது. நின்று முகர்ந்தேன், சந்தேகமே இல்லை. திரும்பக் கணப்புப் பக்கம் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், காணோம். மறுபடி நடைக்குப் போனேன், இருந்தது. நான் இப்படிப் போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்து, காலை முக்காலியில் நீட்டிக்கொண்டிருந்த அக்கா, வயிறு சரியில்லையா என்று கேட்டாள்.

வயிறு சரியாகத்தான் இருந்தது. கணப்பருகே உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மூக்கு விறகுப் புகைக்குப் பழகிவிடுகிறது. பழகிய பிறகு அதை அது சட்டை செய்வதே இல்லை, கோப்பைக்குள் இருக்கும் புகை உட்பட. கருமம், இது ஊர் உலகத்தில் கணப்பு வைத்திருக்கிற யாருக்கும் நடக்கிற விஷயம். மூக்கு கெட்டுவிடுமே என்று ஆயுள் முழுக்க நெருப்புப் பக்கமே போகாத நாங்கள் இரண்டு பேரும்தான், கணப்பருகே குடிக்கப் புகையோடு விஸ்கி செய்யக் கிளம்பியிருந்தோம். அத்தானின் ரம்மை அதே இடத்தில் முகர்ந்தேன். ஆரஞ்சும் வெல்லமும் எழுந்து நின்றன. பிராந்தியில் திராட்சை அப்படியே இருந்தது. எனக்கு என் விஸ்கி கிடைத்துவிட்டது.

திரும்பி வந்து பழைய கலவையைச் சாக்கடையில் கொட்டினேன். இனிப்பு ஒயின் வைத்திருந்த பீப்பாய்களில் கிடந்த விஸ்கியாகத் தேடி எடுத்தேன். உலர்ந்த திராட்சை, வாதுமை, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் வாசம். புகை மருந்துக்கும் இல்லை. பிறகுதான் தூக்கம் போனது. வீட்டுக்காரரிடம் சொல்லாவிட்டால் நாற்காலி எனக்கு. சொல்லக் கூடாது என்று எங்கள் சட்டமே இருக்கிறது, யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. இப்படியெல்லாம் நியாயம் பேசிப் பார்த்தேன். எதிரில் உட்கார்ந்து உப்புச் சப்பில்லாத வேகவைத்த காயை ஒரு குறையும் சொல்லாமல் தின்றுகொண்டிருந்த மனிதரைப் பார்த்ததும் அதெல்லாம் நிற்கவில்லை.

"என்னங்க, கணப்புகிட்ட உக்காந்தா புகைவாசம் மூக்குக்குத் தெரிய மாட்டேங்குது. அக்கா வீட்டுல பார்த்தேன். உங்க கலவையில புகையைக் குறைச்சிடுங்க."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். தன் கலவையில் புகை இருக்கிறது என்று யார் சொன்னது என்று கேட்டார். உங்கள் கோட்டு சொன்னது என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"கடைசி வாரத்துல வந்து மாத்தச் சொல்ற. நான் அவ்வளவு அப்பாவியா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வேண்டாம் என்றால் விடுங்கள் என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அக்கா வீட்டுக் கணப்பு முன்னால் உட்கார வைத்திருக்கலாம். நான் பொய் சொல்லுவேன் என்று நினைக்கிறவரை எதற்கு இழுத்துக்கொண்டு போவது என்று விட்டுவிட்டேன்.

முடிவு சொல்லும் நாளன்று முதலாளியம்மா வீட்டுக் கூடத்தில் பகலிலேயே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு தீக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். பெரிய மூக்கு எதிரில். நாங்கள் சோபாவில். பேசிக்கொண்டே வெந்நீர் குடித்து முடித்தோம். பிறகு எல்லாருக்கும் முதலில் என் வீட்டுக்காரருடைய விஸ்கி.

முதலாளியம்மா முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார், திரும்ப முகர்ந்தார். பெரிய மூக்கு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். என் வீட்டுக்காரர் தன் கோப்பையை மெதுவாகத்தான் தூக்கினார், தன் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. முகர்ந்தார். அவர் முகம் வெளுத்தது. இரண்டாம் தடவை மூக்கைக் கோப்பைக்குள்ளேயே விட்டார். மூக்கு போய்விட்டது என்று நினைக்கிறார். அக்கா வீட்டில் நான் பயந்த அதே பயம். நான் சொன்னது அவர் நினைவுக்கே வரவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. கோப்பைகள் இன்னும் கீழே இறங்காததால் பேசவும் முடியாமல், பக்கத்தில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் கோப்பையை வைத்ததும், தானியமும் காரமும் தெரிகிறது, வேறு ஒன்றும் கிடைக்கவில்லை என்றார் முதலாளியம்மா. பெரிய மூக்கு தலையசைத்தார்.

பிறகு என்னுடையது. முதலாளியம்மா கோப்பையைக் கீழே வைக்கவில்லை. காலி பண்ணிவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். நாற்காலி யாருக்கு என்று அங்கேயே சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப் பார்த்து முடியாமல் பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் எழுந்து தன் விஸ்கி இருந்த கோப்பையோடு வாசலுக்குப் போனார். கதவைத் திறந்ததும் குளிர் உள்ளே வந்தது. அங்கே நின்று முகர்ந்தார். மறுபடி ஒரு தடவை முகர்ந்துவிட்டு உள்ளே வந்து, முதலாளியம்மா முன்னால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனதாரத்தான் குலுக்கினார்.

பஸ் நிறுத்தத்தில் எங்களைத் தவிர ஆள் இல்லை. தன்னுடையதைக் குளிர்ந்த இடத்தில் குடிக்கிற விஸ்கியாக விற்கலாம் என்றார். விற்கலாம், முதல் வேலையாக அதைத்தான் செய்யப்போகிறேன் என்றேன். நாளைக்குப் பெரிய மூக்கின் மேசையை நகர்த்த வேண்டும், ஜன்னல் பக்கம் வேண்டாம் என்று நானே சொன்னேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான்தான் விடாமல் கேட்டேன்.

"அன்னைக்கே சொன்னேனே. ஏன் நம்பல?"

அவர் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்துத்தான் சொன்னார்.

"உன் இடத்துல நான் இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

பஸ் வந்தது. அவர் எப்போதும் போல ஒதுங்கி நின்று என்னை முதலில் ஏறவிட்டார். உள்ளே இருக்கைகள் எல்லாம் காலியாக இருந்தன. நான் உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேறு எங்கே உட்காருவார்?