ஊரடங்குக் கதை

ஃப்ரீசர் பெட்டியின் வயர் சுவரிலிருந்த ப்ளக் பாயிண்டுக்கு ஒரு சாண் எட்டவில்லை. ஜெகதீஸ்வரன் பெட்டிக்கு அடியில் தவழ்ந்துபோய் இழுத்துப் பார்த்தான். வருவதாக இல்லை. மேலே, கண்ணாடிக்குள், அப்பா மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார். உயிரோடு இருந்திருந்தால், ‘அளந்து பாக்காம பெட்டியை வெச்ச முட்டாள் யாரு’ என்று கேட்டிருப்பார். நாற்பத்தேழு வயதில், அவிழப் பார்க்கும் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அபார்ட்மெண்ட் கார் ஷெட்டின் தரையில் தவழ்ந்தபடியே ஜெகதீஸ்வரன் அதற்குப் பதில் யோசித்தான்.

“சாப், பெட்டியத் தள்ளினாப் போதும். காய்கு டென்ஷன், எதுக்கு?” என்றார் இர்பான். பெட்டியும் அவருடையது, வாசலில் நின்ற சவ வண்டியும் அவருடையது. செகந்திராபாத் தமிழர்களின் சாவுகளுக்குப் போய்ப்போய் அவருக்குத் தமிழ் படிந்துவிட்டிருந்தது.

இருவருமாகத் தள்ளினார்கள். அப்பா ஒரு சாண் கிழக்கே நகர்ந்தார். வாழ்நாளில் யார் சொல்லியும் அவர் அசைந்துகொடுத்ததாக இதற்கு முன் தகவல் இல்லை.

காலையிலிருந்து ஜெகதீஸ்வரன் இப்படித்தான் அலைந்துகொண்டிருந்தான். நாற்காலி போதுமா என்று எண்ணினான். எண்ணியது மறந்துபோய் மறுபடி எண்ணினான். தண்ணீர் கேன் இறக்க வந்தவனுக்கு வழி சொன்னான். மாலைகள் வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்து, இரண்டு ஆட்களின் சட்டையை நனைத்தான். உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று தெரியாததால் உட்காரவில்லை.

புருஷோத்தமன், வயது எண்பத்திரண்டு, தார்நாகா ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் முப்பத்தாறு வருடம் விஞ்ஞானி. நேற்று சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே செய்தி பார்த்தவர், டம்ளரை எடுக்க மனைவி மங்களம் வந்தபோது செய்தியைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார். மகன் ஜெகதீஸ்வரன், அமீர்பேட்டில் ஜாவா சொல்லித்தருகிறவன். இருபத்து மூன்று வருடமாக அதே ஜோக்குகள்தான். ஜாவாவின் வெர்ஷன் மட்டும் மாறும். மகள் பூர்ணா கச்சிபௌலியிலிருந்து கிளம்பி ஒன்றரை மணி நேரமாக ஏதோ ஒரு மேம்பாலத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அசோசியேஷன் செக்ரட்டரி சாய்குமார் மைக்கைத் தட்டிப் பார்த்தபடி வந்தார். பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கிய மைக். இந்தக் காலனியில் ஒரு வழக்கம் உண்டு. விஞ்ஞானிகளாகச் சேர்ந்து ஏற்படுத்தியது. மந்திரம் ஓதினாலும் ஓதாவிட்டாலும், இரங்கல் கூட்டம் நடத்தாமல் யாரையும் கேட்டைத் தாண்ட விடுவதில்லை. இரண்டு நிமிட மௌனம். அப்புறம் வீட்டு மனிதர் ஒருவர் பேச வேண்டும்.

“ஜெகன் காரு, ஆ கர்ஃப்யூ கத செப்பண்டி,” என்றார். அந்த ஊரடங்குக் கதை இல்லாமல் புருஷோத்தமன் சாரை எப்படி அனுப்புவது என்றும் தெலுங்கில் வருத்தப்பட்டார்.

அந்தக் கதை காலனிக்கே மனப்பாடம். தொண்ணூறாம் வருடம், டிசம்பர் மாதம், ஊர் முழுக்க ஊரடங்கு. ஒன்பது வயதுப் பூர்ணா குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் உருண்டு விழுந்தாள். காதிலிருந்து ரத்தம். ஆட்டோ இல்லை, பஸ் இல்லை. அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று கிலோமீட்டர் ஓடினார். பின்னாலேயே அவள் செருப்பைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு வயது ஜெகதீஸ்வரன் ஓடினான். வழியில் போலீஸ் தடுத்தது. “சுடறதுன்னா வரும்போது சுடுங்க, இப்ப நேரமில்லை” என்றார் அப்பா. இந்த வசனத்தை ஜெகதீஸ்வரன் 2004-இல் சேர்த்தான். போலீஸ்காரர் சல்யூட் அடித்தது 2011-இல் சேர்ந்தது. அப்பாவின் ரிடையர்மெண்ட் விழாவில் சொன்னான். பூர்ணாவின் கல்யாண வரவேற்பில் சொன்னான். அப்பா ஒவ்வொரு தடவையும் முதல் வரிசையில் உட்கார்ந்து, வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

பூர்ணா வந்து இறங்கினாள். கூடவே அவள் மகள் ஹம்ஸினி, கையில் போனும் கண்ணில் நீருமாக. பூர்ணா கண்ணாடி வழியே அப்பாவைப் பார்த்தாள். ரயில் அட்டவணையைப் பார்க்கிறவளைப்போல நிதானமாகப் பார்த்தாள். பிறகு யாரிடமும் பேசாமல் படியேறி வீட்டுக்குள் போய்விட்டாள்.

மங்களம் பெட்டியின் தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். மகனைக் கைகாட்டி அழைத்தாள்.

“அவ அழவே இல்ல பாத்தியா. எல்லாரும் பாக்கறாங்க. நீ போய்க் கூட்டிட்டு வா.”

“சரிம்மா.”

“அப்புறம், அந்தக் கதையையே சொல்லிடு. வேற எதுவும் வேணாம். போற மனுஷன் கௌரவமாப் போகட்டும்.”

மாடியில், வாஷிங் மெஷின் இருக்கும் பின்பக்க பால்கனியில் பூர்ணா நின்றிருந்தாள். கொடியில் அப்பாவின் பனியன் காய்ந்துகொண்டிருந்தது. ஜெகதீஸ்வரன் வழக்கம்போல அவளுடைய வலது பக்கமாகப் போய் நின்றான். இடது காது அவளுக்குக் கேட்காது.

“இட்லி இருக்கு. சாப்பிடறியா?”

“நக்கோ,” என்று தலையை ஆட்டி மறுத்தாள்.

“இர்பான் பாய் வண்டி ஏசியாம். உயிரோட இருந்தப்ப ஏசி வேணாம்னு சண்டை போட்ட மனுஷன், பாரு.”

அவள் சிரிக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. அவனுடைய ஜோக்குகளுக்குப் பூர்ணா சிரித்து முப்பத்தைந்து வருடம் இருக்கும்.

“அண்ணா, கீழ மைக் எதுக்கு?”

“உனக்குத் தெரியாதா. மௌனம், அப்புறம் நான்.”

“அந்தக் கதையா?”

“அம்மா சொல்றா, சாய்குமார் சொல்றாரு. நான் வேணா அந்தப் பிரஷர் குக்கர் வெடிச்ச கதையைச் சொல்லிட்டு...”

“என் ரிசப்ஷன்ல சொன்னே. மாலையும் கழுத்துமா உக்காந்து நான் பல்லக் காட்டினேன். எம் மாமியார் அப்பாகிட்ட போய்க் கையெடுத்துக் கும்பிட்டாங்க. ஹம்சு இந்த வருஷம் காலேஜ்ல ‘மை ஹீரோ’ன்னு எழுதிப் பரிசு வாங்கியிருக்கா. யாரப் பத்தின்னு கேக்காத.”

ஜெகதீஸ்வரன் பனியனின் கிளிப்பைக் கழற்றினான். மறுபடி மாட்டினான்.

“அவர் ஓடினது நெஜம்தானே, பூர்ணி?”

“நெஜம்தான். அதான் எனக்குக் கஷ்டமே. தோள்ல கெடந்தேன்ல, வழியெல்லாம் அழுதாரு. ‘சாமி சாமி’ன்னு சொல்லிட்டே ஓடினாரு. நீ பின்னாடி வந்தே, உனக்குத் தெரியாது. நான் மட்டும்தான் பாத்தேன். அதனால அவர முழுசா வெறுக்கவும் முடியல. நீ அந்தக் கதையச் சொல்ற ஒவ்வொரு தடவையும் எனக்கு நான் நெஜமாவே படியிலதான் விழுந்தேனோன்னு சந்தேகம் வந்துரும். அப்படி நல்லாச் சொல்றே நீ.”

அவனுக்கு இதுவரை கிடைத்த பாராட்டுகளிலேயே உட்கார முடியாதபடி குத்தியது இதுதான்.

“சொல்றதா இருந்தா முழுசாச் சொல்லு. இல்லன்னா வாயத் திறக்காத. பாதி மட்டும் இன்னிக்கு வேணாம்.”

“அத்தனை பேர் முன்னாடியா? ஹம்சு இருக்கா.”

“அதுக்குத்தான்.”

“நீயே சொல்லேன்.”

“கட்டினது நீ. நீ பிரி.”

கீழே இறங்கும்போது ஜெகதீஸ்வரன் லிஃப்டை விட்டுப் படியில் இறங்கினான், பாதியில் நின்றான், செருப்பு போடவில்லை என்று திரும்பினான், சாவு வீட்டில் எதற்குச் செருப்பு என்று மறுபடி இறங்கினான்.

முழுசும் என்பது ரொம்பச் சின்னது. ஊரடங்கில் நான்கு நாளாக வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். அடைந்து கிடந்த நாட்களில் அப்பாவின் கை கொஞ்சம் தாராளமாக இருக்கும். தங்கையைச் சிரிக்கவைக்க ஜெகதீஸ்வரன் அப்பா மாதிரி நடந்து காட்டினான். வயிற்றை முன்தள்ளி, கையைப் பின்னால் கட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு. பூர்ணா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா கதவருகில் நின்றிருந்தார். அடி, நடித்தவனுக்கு விழவில்லை. சிரித்தவளுக்கு விழுந்தது. ஒரே ஓர் அறை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டார். அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. செருப்பைக் கையில் வைத்திருந்த பையன் முன்னால் வந்து, “படி இருக்கற எடத்துல படி இல்லன்னு நெனச்சுட்டா டாக்டர்” என்றான். டாக்டர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். ஜெகதீஸ்வரன் ஓர் அந்நியரைச் சிரிக்கவைத்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து அவனுக்கு அதுவே தொழில்.

சாய்குமார் மௌனத்தை அறிவித்தார். இரண்டு நிமிடம் என்று சொன்னால் அவருக்கு இரண்டு நிமிடம்தான். வாட்சைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெட்டியின் மோட்டார் மட்டும் ஓடியது. பூர்ணா இறங்கி வந்து தூண் பக்கம் நின்றாள், வலது காதைக் கூட்டத்துக்குக் காட்டியபடி. ஹம்ஸினி வீடியோ எடுக்கப் போனைத் தூக்கினாள்.

மைக் அவன் கைக்கு வந்தது.

“அன்னிக்கு ஊரடங்கு,” என்று தெலுங்கில் ஆரம்பித்தான். கூட்டம் தெரிந்த பாட்டைக் கேட்டதுபோல முகம் மலர்ந்தது. முன்வரிசையில் ஒரு ரிடையர்ட் விஞ்ஞானி பக்கத்து ஆளை இடித்து, ‘இதைக் கேளு’ என்றார். இல்லாத மேடைக்குக் கால் தானாகவே ஏறுவது ஜெகதீஸ்வரனுக்குத் தெரிந்தது. நாக்கில் போலீஸ்காரர் சல்யூட் அடிக்கத் தயாராக நின்றார். தமிழுக்கு மாறிவிடலாம், பாதிப் பேருக்குப் புரியாது என்று ஒரு யோசனை வந்தது. இத்தனை வருடம் கழித்தும் மூளை எவ்வளவு வேகமாகச் சந்து தேடுகிறது என்று அவனுக்கே வியப்பாக இருந்தது.

தெலுங்கிலேயே சொன்னான்.

“என் தங்கச்சி படியில விழல. நான் அப்பா மாதிரி நடந்து காட்டினேன். அவ சிரிச்சா. அப்பா அடிச்சாரு. அந்தக் காது அவளுக்கு இன்னிக்கும் கேக்காது. டாக்டர்கிட்ட படின்னு சொன்னது நான். அப்புறம் அப்பா அவளத் தூக்கிட்டு ஓடினாரு. அதுவும் நெஜம்.”

பழக்க தோஷம், முடித்ததும் சிரிப்புக்காக ஒரு விநாடி காத்திருந்தான். மோட்டார் ஓடியது. ஹம்ஸினியின் போன் மெதுவாக இறங்கி இடுப்புக்கு வந்தது. அவள் அம்மாவைப் பார்த்தாள். பூர்ணா பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

சாய்குமார் தொண்டையைக் கனைத்தார். அதற்குள் தலைமாட்டு நாற்காலியிலிருந்து மங்களம் பேசினாள். மைக் இல்லாமலே கேட்டது.

“படின்னு சொல்லச் சொன்னது நாந்தான். அவன் கொழந்த. அவனுக்கு என்ன தெரியும்?”

ஜெகதீஸ்வரன் அம்மாவைப் பார்த்தான். அன்றைக்கு அவர்கள் ஓடியபோது அம்மா குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றது ஞாபகம் இருந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். பொத்திய வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததாக அவனுக்கு ஞாபகமே இல்லை. அவள் இப்போது சொன்னது உண்மையா, மகனுக்காகக் கட்டியதா? எப்படியானாலும், கதை கட்டுவது தனக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இத்தனை நாள் தவறாக நினைத்துக்கொண்டிருந்தான்.

“அரிசி எடுத்துட்டு வாங்க,” என்றாள் மங்களம். “நேரமாவுது.”

பெட்டியைத் திறந்தார்கள். ஒவ்வொருவராகச் சுற்றிவந்து வாய்க்கரிசி போட்டார்கள். பூர்ணாவின் முறை வந்தபோது அவள் அரிசியை எடுத்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு போட்டாள். இரண்டு மணிகள் அப்பாவின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டன. அவள் அவற்றைத் தட்டிவிடவில்லை. ஹம்ஸினி குனிந்து எடுத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவை ஸ்ட்ரெச்சரில் மாற்றி வண்டியில் ஏற்றினார்கள். அவர்கள் வழக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பூர்ணா மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து ஏறி, பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெகதீஸ்வரன், “அவ வரா,” என்றான். ஜோக் எதுவும் சேர்க்காமல் அவன் சொன்ன வாக்கியம் என்பதாலோ என்னவோ, பெரியவர் வாயை மூடிக்கொண்டார். அவனும் ஏறி அவளுடைய வலது பக்கம் உட்கார்ந்தான்.

“சாப், ஸ்ட்ரெச்சர் லாக் கொஞ்சம் லூஸு,” என்றார் இர்பான் முன்னாலிருந்து. “ஸ்பீட் பிரேக்கர் வந்தா கால வெச்சு அணைச்சுக்குங்க. இல்லன்னா உங்க மேல வந்துடும்.”

காலனி கேட்டைத் தாண்டியதும் முதல் ஸ்பீட் பிரேக்கர். ஸ்ட்ரெச்சர் சரிந்து அவர்களை நோக்கி வந்தது. ஜெகதீஸ்வரன் வெறுங்காலை நீட்டி அதன் இரும்பு விளிம்பில் ஊன்றினான். தாங்கவில்லை. பூர்ணா செருப்பைக் கழற்றிவிட்டு, தன் காலையும் அவன் காலுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். ஸ்ட்ரெச்சர் நின்றது.

வெளியே மெட்ரோ தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ரோடு சமமாக ஆன பிறகும் இருவரும் காலை எடுக்கவில்லை.